மடிக்காமல் விட்ட விளிம்பு

நீங்கள் என்னிடம் வந்து கேட்பது எப்போதும் ஒரே கேள்விதான். காட்டுப் பாதைக்கு ஏற்ற பெரிய டயர் போட வேண்டும், மட்கார்டில் எவ்வளவு வெட்டலாம் என்கிறீர்கள். ஒரு அங்குலமா, ஒன்றரையா? கையில் போன் இருக்கும், அதில் எவனோ வெள்ளைக்காரன் வெட்டிக் காட்டும் படம் ஓடும். அவன் வெட்டுவது அவன் வண்டியை, ஓட்டப்போவதும் அவன்தான். நீங்கள் வெட்டுவது அடுத்தவர் வண்டியை. அந்த வித்தியாசத்தை யாரும் படம் பிடித்துப் போடுவதில்லை.

முப்பத்தைந்து வருடத்துக்கு மேல் ஈப்போவில் தகடு தட்டிப் பிழைத்தவன் நான். போன மாதம் நம் தொழில்காரர்கள் கூடி எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். "அண்ணன் வேலையில இதுவரைக்கும் ஒரு குத்தம் யாரும் சொன்னதில்ல" என்று ஒரு தம்பி மைக்கைப் பிடித்துப் பேசினான். பொன்னாடைக்குள் எனக்குக் கழுத்து வியர்த்தது. எழுந்து மறுத்திருக்க வேண்டும். வழக்கம்போல வாயை மூடிக்கொண்டு, பிரியாணியைத் தின்றுவிட்டு வீட்டுக்கு வந்தேன். யாரும் சொல்லாத அந்தக் குற்றத்தை நானே எழுதிவிடலாம் என்றுதான் இப்போது உட்கார்ந்திருக்கிறேன். எவ்வளவு வெட்டலாம் என்பதற்கு இதில் பதில் கிடைக்காது. கத்திரி பிடிக்கத் தெரிந்தவனுக்கு அது ஒரே வாரத்தில் பிடிபட்டுவிடும்.

எழுபதுகளில் நான் வேலை பார்த்த பட்டறை டவுனுக்குச் சற்று வெளியே ஒரு காப்பிக்கடையை ஒட்டி இருந்தது. முதலாளி சீனர். அவரைத் தவுக்கே என்று கூப்பிடுவோம். எங்களுக்குத் தலைமையாக இருந்த கைகாரரும் சீனர்தான், அவர் எங்களுக்குச் சீஃபூ. அவர் பெயர் எனக்குத் தெரியும். என் கதையில் தன் பெயர் வருவதை அவர் விரும்பமாட்டார், அதனால் எழுதவில்லை. ஹுத்தான் மெலிந்தாங்கில் மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்தவர். யாரையும் கூப்பிட்டு உட்கார வைத்துச் சொல்லிக் கொடுக்கும் ஆள் இல்லை. ஏதாவது கேட்டால் தாடையால் வேலையைக் காட்டிவிட்டுத் திரும்பிக்கொள்வார்.

காட்டு மரம் வெட்டுகிறவர்களும் தோட்டத்துக்காரர்களும் சேற்றில் ஓட்டுவதற்காகப் பெரிய டயர் கேட்டு எங்களிடம் வருவார்கள். சீஃபூ உடனே கத்திரியை எடுக்கமாட்டார். முதலில் புது டயரின் ஓரம் முழுக்க வெண்கட்டியைத் தேய்ப்பார். பிறகு காப்பிக்கடைக்குப் போய், அங்கே சும்மா உட்கார்ந்திருக்கும் எட்டுப் பத்துப் பேரை எழுப்பிக்கொண்டு வருவார். அவர்கள் கையில் காப்பி மங்கோடு ஜீப்பின் பின்னால் ஏறிக்கொள்வார்கள். ஒரு முன்சக்கரத்தைக் கட்டையின் மேல் ஏற்றி, ஸ்டியரிங்கை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் ஒடித்து, ஜீப்பை ஆட்டு ஆட்டென்று ஆட்டுவார். காப்பி சட்டையில் ஊற்றும். அவர்கள் திட்டுவார்கள். எல்லாரும் இறங்கிய பிறகு மட்கார்டுக்குள் தலையை விட்டுப் பார்ப்பார். தகட்டில் வெள்ளை ஒட்டியிருந்தால் அந்த இடத்தில் டயர் இடிக்கிறது என்று அர்த்தம். அங்கே வெட்டுவார். வெட்டிய விளிம்பை உள்பக்கமாக மடித்துத் தட்டுவார். பிறகு மறுபடியும் வெண்கட்டி, மறுபடியும் காப்பிக்கடைக்காரர்கள். தகட்டில் வெள்ளை ஒட்டாமல் போகும்வரை வண்டியை வெளியே விடமாட்டார்.

ஒருமுறை மரக் காண்ட்ராக்டர் ஒருவர் பொறுமை இழந்து, "காலி வண்டியில எங்கயும் ஒட்டலயே, பின்ன என்ன?" என்று கத்தினார். சீஃபூ அவரிடம், "நீ காலி வண்டியா ஓட்டப் போற?" என்று மலாயில் கேட்டார். அவ்வளவுதான் கேட்டார். அந்தப் பெரிய உடம்பைத் தூக்கிக்கொண்டு காண்ட்ராக்டரே பின்னால் ஏறி உட்கார வேண்டியதாயிற்று. நாங்கள் சிரித்தோம். அதிகம் சிரித்தது நான்தான். எனக்கு அப்போது இருபத்தாறு வயது, கை வேகம். அவர் ஒரு நாள் எடுத்துக்கொள்ளும் வேலையை அரை நாளில் முடித்துவிட்டு, "சீஃபூ வாத்தியார் வேலைக்குப் போயிருக்கலாம், சாக்பீஸ் பிடிச்ச கை" என்று மற்றவர்களிடம் கிண்டல் அடிப்பேன்.

சீனப் புத்தாண்டுக்கு முதல் நாள் அந்த ஜீப் வந்தது. செமோர் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றின் வண்டி. அதைக் கொண்டுவந்தவர் தோட்டத்து ஓட்டுநர் சவரிமுத்து. நாற்பது வயதிருக்கும். சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு, வண்டியை நிறுத்தினால் சக்கரத்துக்குக் கல் வைக்காமல் நகராத மனிதர். அந்த ஜீப்தான் காலையில் பால்மரம் வெட்டுகிறவர்களைத் தூரத்து டிவிஷனுக்கு ஏற்றிப்போகும். யாருக்காவது பிரசவ வலி எடுத்தால் அதுதான் ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்கும் வரும். பெரிய டயர் கேட்டது அவர் இல்லை. அவரோடு வந்த சின்னத் தொரை, தோட்டத்து உதவி மேனேஜர். விடுமுறையில் கூட்டாளிகளோடு மலைப்பாதையில் பன்றி வேட்டைக்குப் போகத் திட்டம் போட்டிருந்தார். மூன்று மணிக்குள் வண்டி வேண்டும் என்றார்.

சீஃபூ காலை பஸ்ஸிலேயே ஊருக்குப் போய்விட்டார். மற்ற ஆட்களும் கிளம்பிவிட்டார்கள். காப்பிக்கடைக் கதவில் சிவப்புத் தாள் ஒட்டிப் பூட்டியிருந்தது. தவுக்கேயும் நானும் மட்டும்தான் பட்டறையில் இருந்தோம்.

"சீஃபூ இல்லாட்டி ஒன்னால முடியாதா லா?" என்றார் தவுக்கே, சின்னத் தொரைக்குக் கேட்கும்படி.

அது போதும் எனக்கு. முடியும் என்றேன். உண்மையைச் சொன்னால், அவர் கேட்பதற்கு முன்பே நான் அந்த வண்டிக்கு ஆசைப்பட்டுவிட்டேன்.

வெண்கட்டி தேய்த்தேன், அதில் குறை வைக்கவில்லை. ஏற்றி உட்கார வைக்க ஆள் இல்லை. பின்கட்டில் கிடந்த நாலு மூட்டை சிமெண்டைத் தூக்கிப் பின்னால் போட்டேன். நாலு மூட்டை எங்கே, பத்து ஆள் எங்கே? கணக்குத் தெரியாதவன் இல்லை நான். சக்கரத்தைக் கட்டை மேல் ஏற்ற இரண்டு பேர் வேண்டும் என்பதால் அதையும் விட்டுவிட்டு, சமதளத்தில் வைத்தே ஸ்டியரிங்கை ஒடித்துப் பார்த்தேன். இடது மட்கார்டின் கீழ்ப்பக்கம் நகக்கண் அளவுக்கு வெள்ளை ஒட்டியிருந்தது. அங்கே அரை அங்குலம் கூடுதலாகவே வெட்டினேன். வலது பக்கமும் அதே அளவு. அப்போதே மணி இரண்டு ஆகிவிட்டது. விளிம்பை மடிக்க உட்கார்ந்தால் இன்னும் ஒரு மணி நேரம் போகும். அரத்தால் லேசாகத் தேய்த்து, மேலே கறுப்புச் சாயம் அடித்தேன். பார்க்க அழகாக இருந்தது. சின்னத் தொரை கையைக் கட்டிக்கொண்டு நின்று பார்த்துவிட்டு, "குட் ஜாப்" என்றார்.

சவரி அண்ணன் மட்டும் குனிந்து சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தார். பிறகு என் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"தம்பி, இது நான் ஆளேத்துற வண்டி. பத்துப் பேரு உக்காந்தா எங்கயும் இடிக்காதுல்ல?"

சின்னத் தொரை என்னைப் பார்த்தார். தவுக்கே சாவிக் கொத்தை ஆட்டிக்கொண்டிருந்தார்.

"ஒண்ணும் ஆவாதுண்ணே. தைரியமா ஓட்டுங்க" என்றேன்.

அந்த இரண்டு வாக்கியத்தையும் நன்றாகப் படித்துக்கொள்ளுங்கள். 'தெரியல அண்ணே, விடுமுறை முடிஞ்சு கொண்டாங்க, அதுவரைக்கும் ஆளேத்தாதீங்க' என்று சொல்ல எனக்கு இன்னும் நாலு மூச்சு ஆகியிருக்கும். அந்த நாலு மூச்சு நேரம் ஒரு தொரைக்கு முன்னால் தெரியாதவனாக நிற்க எனக்கு மனம் வரவில்லை.

பன்றி வேட்டை நன்றாகவே நடந்ததாம். அப்போது வண்டியில் மூன்று பேர்தான். விடுமுறை முடிந்து தோட்டத்தில் மறுபடியும் வேலை தொடங்கிய அன்று காலையில், பெரட்டில் பேர் கூப்பிட்டு முடிந்ததும் ஒன்பது பேர் ஜீப்பில் ஏறினார்கள். முந்தின நாள் மழை. செம்மண் இறக்கம், கீழே ஓடை, ஓடைமேல் மரப்பாலம். பாலத்துக்கு முன்னால் பாதை இடது பக்கம் வளைகிறது. வளைவில் இடது முன்சக்கரம் பள்ளத்தில் இறங்கியதும் வண்டியின் பாரம் முழுக்க அந்தப் பக்கம் சாய்ந்தது. டயர் மேலே எழும்பி, நான் மடிக்காமல் விட்ட விளிம்பில் உரசியது. டயர் கிழிந்து ஜீப் ஓடைக்குள் கவிழ்ந்தது.

யாரும் சாகவில்லை. அதைச் சொல்லியே பல வருடம் என்னை நான் தேற்றிக்கொண்டேன். சிலருக்குச் சிராய்ப்பு, ஒருவருக்குப் பல் போயிற்று. சவரி அண்ணனின் மனைவிக்குத் தங்கை ஒருத்தி, மேரி என்று பெயர், பத்தொன்பது வயது, அவளும் அந்த ஜீப்பில்தான் இருந்தாள். அவளுடைய வலது மணிக்கட்டு வண்டிச் சட்டத்துக்கு அடியில் சிக்கி நொறுங்கிவிட்டது. பால்மரம் வெட்டுகிறவளுக்கு வலது கை போனால் மிச்சம் என்ன இருக்கிறது?

விபத்து நடந்த மூன்றாம் நாள் ஜீப்பைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்து எங்கள் பட்டறையில் போட்டார்கள். தோட்டத்தில் வேலை தொடங்கியும் பட்டறை இன்னும் திறக்கவில்லை, மற்றவர்கள் புத்தாண்டு விடுமுறையில் இருந்தார்கள். தவுக்கே எனக்கு ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். நான் போய் இடது சக்கரத்துக்கு முன்னால் குந்தினேன். டயரின் பக்கவாட்டில் ஒரு சாண் நீளத்துக்குக் கத்தியால் கீறியதுபோல வெட்டு. கல்லில் கிழிந்தால் அப்படி நேராக இருக்காது. மட்கார்டின் விளிம்பைத் தொட்டேன். அரைபட்ட ரப்பர் தகட்டில் அப்பியிருந்தது. சாயம் உரிந்து, நான் வெட்டிய இரும்பு பளபளவென்று தெரிந்தது.

தவுக்கேயும் பார்த்துவிட்டார். எனக்குப் பின்னால்தான் நின்றிருந்தார். என்னைத் திட்டவில்லை, மிரட்டவில்லை. "நாளைக்கு இன்சூரன்ஸ் ஆள் வாரான்" என்றார். பிறகு சிகரெட்டைப் பற்ற வைத்து, "லு பிக்கிர் லா" என்றார். நீயே யோசித்துக்கொள் என்று அர்த்தம். இரும்புக் கதவைப் பாதி இழுத்துவிட்டு வெளியே போய்விட்டார்.

தொழிலுக்குப் புதிதாக வந்திருப்பவர்களுக்கு இதைச் சொல்லிவைக்கிறேன். தப்பு செய்யச் சொல்லி உங்கள் கழுத்தில் யாரும் கத்தி வைக்கமாட்டார்கள். உங்களைத் தனியாக விட்டுவிட்டுக் காப்பி குடிக்கப் போய்விடுவார்கள். திரும்பி வரும்போது காரியம் முடிந்திருக்கும், அவர்கள் கையும் சுத்தமாக இருக்கும்.

நான் யோசித்தேன். மூன்று மாதத்தில் எனக்குக் கல்யாணம். பெண் வீட்டுக்காரர்களிடம் அப்பா என் தொழிலைச் சொல்லித்தான் பேசி முடித்திருந்தார். வண்டியைக் கவிழ்த்தவன் என்று பெயர் வந்தால் ஈப்போவில் எந்தப் பட்டறையும் என்னைச் சேர்க்காது. சவரி அண்ணனை நினைத்தேனா என்று கேட்பீர்கள். நினைத்தேன். பழைய ஓட்டுநர், தோட்டத்தில் நல்ல பெயர் உள்ளவர், ஒரு எச்சரிக்கைக் கடிதத்தோடு தப்பித்துக்கொள்வார் என்று நினைத்தேன். எனக்கு எது வசதியோ அதையே நினைத்தேன்.

பிறகு சுத்தியலை எடுத்து, இடது பக்க விளிம்பை உள்பக்கம் மடித்துத் தட்டினேன். வலது பக்கத்தையும் மடித்தேன். வெகு நேர்த்தியாக வந்தது. என் வாழ்நாளில் அவ்வளவு பொறுமையாக நான் விளிம்பு மடித்ததில்லை. ஒட்டியிருந்த ரப்பரைச் சுரண்டி எடுத்து, கறுப்புச் சாயம் அடித்துக் காய வைத்தேன். கடைசியாக, வண்டியின் அடியில் அப்பியிருந்த தோட்டத்துச் செம்மண்ணைப் பெயர்த்தெடுத்துத் தண்ணீரில் குழைத்து, புதுச் சாயத்தின் மேல் பூசினேன். அதைச் செய்யச் சொல்லி யாரும் சொல்லவில்லை. என் மூளையில் தானாக உதித்தது.

மறுநாள் வந்த இன்சூரன்ஸ்காரர் மலாய்க்காரர், சின்ன வயது, டார்ச் லைட்டோடு குனிந்து பார்த்தார். மட்கார்டைத் தட்டி, இங்கே டயர் பட்டிருக்குமா என்று கேட்டார். "தா அடா" என்றேன். இல்லை என்பதற்கு மலாயில் இரண்டு சொல் போதும். டயர் கல்லில் கிழிந்திருக்கும், ஓட்டுநர் வேகமாக வந்திருப்பார் என்று அவரே சொல்லிக்கொண்டு எழுதினார். நான் மறுக்கவில்லை.

சீஃபூ ஊரிலிருந்து திரும்பியதும் ஜீப்பைச் சுற்றி ஒரு நடை நடந்தார். மட்கார்டுக்குள் கையை விட்டு, மண்ணை நகத்தால் கீறினார். விரலை வெளியே எடுத்து அதில் இருந்த புதுக் கறுப்பைப் பார்த்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து வெண்கட்டியை எடுத்து என் கருவிப் பெட்டியின் மேல் வைத்துவிட்டுத் தன் வேலைக்குப் போய்விட்டார். அதன்பிறகு எந்த வேலையையும் தாடையால் எனக்குக் காட்டவில்லை.

இரண்டு வாரம் கழித்து, பழுது பார்த்த ஜீப்பை எடுத்துப்போகத் தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் கிராணி வந்தார். பேச்சுப் பிரியர். நான் கேட்காமலேயே ஆபீசில் நடந்த விசாரணையைச் சொன்னார்.

"அந்த சவரி பொழைக்கத் தெரியாத மனுசன் லா. பெரிய தொரையே எடுத்துக் கொடுக்குறாரு, வண்டியில ஏதும் கோளாறு இருந்துச்சான்னு. ஆமான்னு ஒரு வார்த்த சொன்னா என்ன? வண்டி நல்லாத்தான் இருந்துச்சு தொர, பட்டறைத் தம்பி நல்லா செஞ்சு கொடுத்தாரு, என் கைதான் எங்கயோ தவறிருச்சுன்னு சொல்லிட்டாரு. வேலை போச்சு, கதை முடிஞ்சுது."

"இப்ப எங்க இருக்காரு?"

"லயத்துலதான். மாசக் கடைசிக்குள்ள வீட்டக் காலி பண்ணணும். அந்தப் புள்ள வேற கையில கட்டோட படுத்திருக்கு."

நீங்கள் தோட்டத்தில் வளர்ந்தவர்கள் இல்லை, அதனால் சொல்கிறேன். அங்கே வேலைதான் வீடு. வேலை போனால் கூரையும் போய்விடும். நானும் தோட்டத்துப் பிள்ளைதான், எனக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. மாதக் கடைசிக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது. கிராணியோடு அதே ஜீப்பில் ஏறிப் போயிருந்தால் ஒரு மணி நேரத்தில் பெரிய தொரை முன்னால் நின்றிருப்பேன். "அப்படியா" என்று சொல்லி, சாவியைக் கிராணி கையில் கொடுத்தேன்.

அடுத்த வருடம் சீஃபூ வேறு பட்டறைக்குப் போய்விட்டார். அவருடைய இடம் எனக்குக் கிடைத்தது. காப்பிக்கடைக்காரர்களை எழுப்பி ஜீப்பில் ஏற்றும் வேலையும் எனக்கு வந்தது. அதில் ஒருநாளும் நான் தவறவில்லை. இரண்டு முறை போதும் என்றால் நான்கு முறை ஏற்றுவேன். கவனமான ஆள், சீஃபூவையும் மிஞ்சிவிட்டான் என்று தோட்டங்களில் பேசிக்கொண்டார்கள். அந்தப் பெயரை வைத்துத்தான் சொந்தப் பட்டறை போட்டேன். போன மாதப் பொன்னாடையும் அந்தப் பெயருக்கு வந்ததுதான்.

விபத்து நடந்து எட்டு வருடம் கழிந்திருந்தது. கமுந்திங்கில் ஒரு தொழிற்சாலையில் லாரி ஒன்று சுவரில் இடித்து முகப்பு நசுங்கிவிட்டது, பார்த்துச் சொல்லுங்கள் என்று கூப்பிட்டிருந்தார்கள். வேனில் போனேன். வாசலில் நின்ற காவலாளி, பதிவுப் புத்தகத்தை நீட்ட வந்தவர், அப்படியே நின்றுவிட்டார். கழுத்துவரை பொத்தான் போட்ட சட்டை.

"தம்பி, நீங்க ஈப்போ பட்டறைத் தம்பிதானே?"

இல்லை என்று சொல்லியிருப்பேன். அதற்குள் என் கையைப் பிடித்துக்கொண்டார். அவ்வளவு சந்தோஷம் அவர் முகத்தில். ஷிப்டு முடியப் போகிறது, வீடு பக்கத்தில்தான், ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டுப் போகலாம் என்றார். லாரியைப் பார்த்துவிட்டு வெளியே வந்தபோது எனக்காக நிழலில் நின்றுகொண்டிருந்தார். தப்பிக்க வழி இல்லை. வேனில் ஏற்றிக்கொண்டேன்.

"இப்ப என்ன வண்டி ஓட்டுறீங்கண்ணே?" என்று ஏதோ பேச வேண்டுமே என்று கேட்டேன்.

"ஒண்ணும் ஓட்டுறதில்ல தம்பி. புடுங்கின லைசென்ச அப்புறம் திருப்பிக் கொடுத்தாங்க. நான்தான் புதுப்பிக்கல. கைய நம்ப முடியல." ஜன்னல் கண்ணாடியைக் கீழே இறக்கினார். "சோறு திங்கும்போதுகூட அந்த வளைவ ஒரு தடவ ஓட்டிப் பார்ப்பேன். எந்த எடத்துல கை தவறுச்சுன்னு இன்னிக்கு வரைக்கும் புடிபடல."

நான் பாதையைப் பார்த்து ஓட்டினேன்.

வாடகை வீடு. சுவரில் மாதா படம், அதன் கீழ் சின்னச் சிவப்பு பல்ப். அவருடைய மனைவி திரேசா என்னை வரவேற்று உட்காரச் சொன்னார். பிறகு உள்ளே பார்த்து, "மேரி, அத்தான கை கழுவிட்டு வரச் சொல்லு" என்றார். அத்தான் இரண்டு அடி தள்ளித்தான் நின்றிருந்தார். அவர் என் பக்கம் குனிந்து, "அது அப்பலருந்து எங்கிட்ட நேரா பேசறதில்ல தம்பி. தங்கச்சி கைய நான்தானே ஒடச்சேன்" என்றார், தண்ணீர்க் குழாய் ஒழுகுவதைச் சொல்வதுபோல.

மேரி இடது கையால் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். வலது கை மடங்காமல் இடுப்போரம் நின்றது. சவரி அண்ணன் பெருமையாக அவர்களுக்கு என்னை அறிமுகப்படுத்தினார்.

"நம்ம ஜீப்புக்குப் பெரிய டயர் போட்டுக் கொடுத்த தம்பி இவருதான். நல்ல வேலைக்காரரு. அந்த வேலையில ஒரு குத்தம் சொல்ல முடியாது."

எனக்குத் துணிச்சல் வந்துதான் பேசினேன் என்று நினைக்காதீர்கள். அந்தத் தேத்தண்ணியை என்னால் விழுங்க முடியவில்லை, அவ்வளவுதான். கோப்பையைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னேன். நாலு மூட்டை சிமெண்ட், மடிக்காத விளிம்பு, தகட்டில் ஒட்டியிருந்த ரப்பர், பூசிய செம்மண், தா அடா, எல்லாவற்றையும் சொன்னேன். மேரி என்னைப் பார்க்காமல் அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சொல்லி முடித்ததும் சவரி அண்ணன் அடிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். இரண்டு கையையும் முன்னால் நீட்டி, இல்லாத ஸ்டியரிங்கைப் பிடித்தார்.

"எறக்கத்துல மூணாவது கியர். பாலம் தெரிஞ்சதும் ரெண்டுக்கு மாத்தினேன்." இடது கை கியரைத் தள்ளியது. "பிரேக்க அமுத்தல, சும்மா தொட்டேன். அப்புறம் இடது பக்கம், மெதுவா, இப்படி. இது சரிதானா தம்பி?"

"சரிதான் அண்ணே."

"இவ்வளவு ஒடிச்சது?"

"சரிதான் அண்ணே. யாரு ஓட்டியிருந்தாலும் கவுந்திருக்கும்."

அவர் கைகள் அப்படியே நின்றன. திரேசா அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். பிறகு கணவரை நேராகப் பார்த்து, "ஒங்க தேத்தண்ணி ஆறிப் போவுது" என்றார். அவரால் கோப்பையை எடுக்க முடியவில்லை. கை இன்னும் ஸ்டியரிங்கில் இருந்தது.

இந்த இடத்தில் நிறுத்தினால் எனக்கு நல்லது. ஏதோ ஒரு நல்லதைச் செய்துவிட்டு வந்தவன்போல நீங்களும் நினைத்துக்கொள்வீர்கள். ஆனால் நான் எழுந்ததும் அவர் வாசல்வரை கூட வந்தார். தோட்டத்து ஆபீசுக்கு, இன்சூரன்சுக்கு, எங்கே வேண்டுமானாலும் வந்து சொல்கிறேன் என்று அவரிடம் சொன்னேன்.

"தோட்டம் எங்க தம்பி இருக்கு? மரத்தத் தள்ளிட்டு எண்ணெய்க்குச் செம்பனை வெச்சாச்சு. லயத்தயும் இடிச்சிட்டாங்க. யார்கிட்டப் போயி சொல்லுவீங்க?"

நான் வேன் கதவைத் திறந்தேன். அவர் கேட்டில் கையை வைத்தபடி நின்றார்.

"ஒண்ணு மட்டும் கேக்குறேன் தம்பி. இது ஒங்களுக்கு எப்பத் தெரியும்?"

ஒரு வருடம் கழித்துத்தான் தெரியும் என்று சொல்லலாமா என்று அப்போதும் ஒரு கணம் மனம் கணக்குப் போட்டது. அதையும் உங்களிடம் மறைக்கவில்லை.

"ஜீப்பு பட்டறைக்கு வந்த அன்னைக்கே அண்ணே. மூணாவது நாளு."

"மூணாவது நாளு" என்றார் அவர். கேட்டிலிருந்து கையை எடுத்தார். "அப்ப நாங்க லயத்து வீட்டுலதான் இருந்தோம்."

நான் வேனில் ஏறி உட்கார்ந்தேன். அந்தச் சந்து குறுகலானது, பின்னாலேயே எடுத்துத்தான் பெரிய ரோட்டுக்கு வர வேண்டும். அவர் ரோட்டில் இறங்கி நின்று, இரண்டு பக்கமும் வண்டி வருகிறதா என்று பார்த்து, வரலாம் வரலாம் என்று எனக்குக் கை காட்டினார்.